மாமியார் பெட்டி

“அத்தை, இந்தப் பொம்மையோட கையைக் கழட்டி அந்தப் பொம்மைக்கு மாட்டிட்டா, அது யாரோட கை?”

மதிப்பீட்டாளரின் மகள் சிறுமியாக இருந்தபோது ஒரு சாயங்காலம் இப்படிக் கேட்டாளாம். கேட்டது அப்பாவிடம் அல்ல. அப்போது எதிர்வீட்டில் குடியிருந்த பொறியாளர் அம்மாவிடம்.

அந்த மழைக்காலம் முழுவதும் மதிப்பீட்டாளரின் மனைவி ஆஸ்பத்திரியில் கிடந்தாள். அவருக்கு ஒரு கால் ஆபீசில், ஒரு கால் ஆஸ்பத்திரியில். குழந்தைகள் காப்பகம் மூடுகிற நேரத்துக்கு அவரால் ஒருநாளும் போய்ச் சேர முடியவில்லை. யாரும் கேட்காமலே எதிர்வீட்டுப் பொறியாளர் தன் வேலையை முடித்துக்கொண்டு போய்ப் பிள்ளையைக் கூட்டி வந்தார். தலை வாரிவிட்டார், சாப்பிட வைத்தார், தன் மடியிலேயே தூங்கவும் வைத்தார். மதிப்பீட்டாளர் நனைந்த கோழியாக வந்து நிற்கும்போது, பிள்ளையைத் தோளில் சாய்த்துக் கொடுத்துவிட்டு அன்றைய கேள்வியையும் சேர்த்து ஒப்படைப்பார்.

“யாருக்கு வேணுமோ அவங்க கைன்னு சொல்லிட்டேன். சரிதானே தம்பி?”

“சரிதாங்க்கா,” என்பார் அவர். என்ன கேள்வி, என்ன பதில் என்று அவர் காதில் அப்போது ஏறியதில்லை.

மனைவி பிழைத்து எழுந்தாள். வீடு மாறினார்கள். மகள் வளர்ந்து, படித்து, கல்யாணமாகி வேறு ஊருக்குப் போனாள். அக்கா வீட்டோடு போக்குவரத்து குறைந்து, பிறகு நின்றே போயிற்று. மனஸ்தாபம் ஒன்றுமில்லை, காலம் செய்கிற வேலைதான். ஒரே துறையில் இருந்தும் வருஷக்கணக்கில் இருவரும் முகம் பார்த்துக்கொள்ளவில்லை. ஆனால் தினமும் காலையில் கண்மூடி ஆண்டவனிடம் நிற்கிற அந்த இரண்டு நிமிஷத்தில், மனைவி மகளுக்கு அடுத்தபடி பொறியாளர் அம்மாவின் பெயரையும் அவர் சொல்லாமல் விட்டதில்லை.

அந்தப் பெயரைத்தான் ஒருநாள் தன் மேசைக்கு வந்த கோப்பின் மேலட்டையில் பார்த்தார்.

அவருடைய வேலையைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். ராணுவத்துக்கு வண்டி, வானொலி, ரேடார் என்று எதைச் செய்தாலும், இப்போதெல்லாம் ஒரே கட்டையில் குடைந்த மாதிரி செய்யக்கூடாது. தனித்தனிப் பெட்டிகளாகச் செய்யவேண்டும். ஒரு பெட்டி பழுதானாலோ பழசானாலோ அதை மட்டும் கழற்றிவிட்டு, வேறு எந்தக் கம்பெனி செய்த பெட்டியையும் அந்த இடத்தில் மாட்ட முடியவேண்டும். மாட்டுகிற விதம் ஒளிவுமறைவில்லாமல் எல்லாருக்கும் தெரிந்திருக்கவேண்டும். இதற்குத் திறந்த அமைப்பு என்று பெயர். ‘எங்களுடையது திறந்த அமைப்பு’ என்று எல்லாத் திட்டக்காரர்களும் மார்தட்டுவார்கள். உண்மையிலேயே திறந்ததா, பெயருக்குத் திறந்ததா என்று பார்த்து மதிப்பெண் போடுவதுதான் அவர் வேலை. எதையும் இரண்டு தடவை சலிப்பதால் ஆபீசில் அவருக்குச் ‘சல்லடை’ என்று பெயர். முகத்துக்கு நேரேயே கூப்பிடுவார்கள். அவரும் திரும்பிப் பார்ப்பார்.

இந்த வேலையை அவர் ஏன் இவ்வளவு பிடிவாதமாகச் செய்கிறார் என்று கேட்டால், ஒரு மைதானத்தைக் காட்டுவார். பழைய வகை வண்டிகள் அங்கே வரிசையாக நிற்கின்றன. இஞ்சின் நன்றாக இருக்கிறது, சக்கரம் நன்றாக இருக்கிறது. உள்ளே ஒரு சின்னப் பெட்டி மட்டும் செத்துவிட்டது. அதைச் செய்த கம்பெனி கடையைக் கட்டிவிட்டது. வேறு யாருடைய பெட்டியும் அதில் சேராது. புல் அச்சு உயரத்துக்கு வளர்ந்துவிட்டது.

கோப்பில் இருந்தது, அடிபட்ட சிப்பாய்களை ஏற்றிவரும் மருத்துவ வண்டி. அதன் தலைமைப் பொறியாளர், அக்கா. திட்டம் தேறினால் வருஷக் கடைசியில் வண்டிகள் படைக்குப் போகும். தேறாவிட்டால் ஒரே ஒரு மறுசோதனை. அதிலும் தவறினால் திட்டத்தை இழுத்து மூடிவிட்டு, பன்னிரண்டு வருஷ உழைப்பையும் அலமாரியில் போட்டுப் பூட்டுவார்கள் என்று துறை முழுக்கப் பேச்சு. அக்காவின் ஆட்களை மூலைக்கு ஒருவராகப் பிய்த்துப் போட்டுவிடுவார்கள். அக்காவுக்கு ஓய்வு பெறும்வரை ஏதாவது ஒரு கிடங்கில் நாற்காலி.

அவர் நேரே தன் மேலதிகாரியிடம் போனார்.

“சார், இந்தக் கோப்பு எனக்கு வேண்டாம். இந்த அம்மா எனக்கு ரொம்ப வேண்டப்பட்டவங்க.”

மேலதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “எத்தனை வருஷமாச்சு பேசி?”

“ரொம்ப வருஷம்.”

“யோவ் சல்லடை, இந்தத் துறையில யாருக்கு யாரைத் தெரியாது? தெரியாதவன்தான் பார்க்கணும்னா நான் ரோட்டுல போறவனைக் கூப்பிட்டுத்தான் மார்க் போடச் சொல்லணும். நீ சொன்னதை எழுதி வெச்சுக்கறேன். போய் வேலையைப் பாரு.”

சொல்லியாயிற்று. ஆனால் சொன்னதால் நெஞ்சு லேசாகவில்லை.

அன்று வீட்டில் மனைவியிடம் சொன்னார். அவள் துணி மடித்துக்கொண்டிருந்தவள், கையை நிறுத்தினாள்.

“அக்காவோட வண்டியா? அப்ப என்ன யோசனை? மார்க்கைப் போட்டுக் குடுத்துடுங்க.”

“பார்க்காம எப்படிப் போட?”

“பார்த்துட்டே போடுங்க. யாரு வேண்டாங்கறா? கொஞ்சம் கண்ணை அரைகுறையா மூடிட்டுப் பாருங்க. நம்ம பிள்ளைக்கு அந்த மழையில சோறு போட்ட கை அது. அன்னிக்கு அவங்க சட்டம் பேசலையே.”

“அது அவங்க சோறு. எடுத்துக் குடுத்தாங்க. இந்த மார்க்கு என்னோடதா?”

“ஆமா, உங்களுக்கு எதுதான் உங்களோடது?” என்று சொல்லிவிட்டு அவள் மறுபடியும் துணி மடிக்கத் தொடங்கினாள். அன்றைக்கு அவர் சட்டைகள் ஒன்றும் சரியாக மடிபடவில்லை.

சோதனை நாள் வந்தது. அவர் காகிதத்தை நம்புகிறவர் இல்லை. அவருடைய சோதனைக்கு ‘அந்நியர் சோதனை’ என்று பெயர். அந்த வண்டியைக் கண்ணால்கூடப் பார்த்திராத ஒரு சின்னக் கம்பெனிக்காரர்கள், தாங்கள் செய்த பெட்டி ஒன்றைக் கொண்டுவந்து மாட்டவேண்டும். அவர்கள் கையில் திட்டக்காரர்கள் வெளியிட்ட கையேடு மட்டும் இருக்கும். திட்டத்தைச் சேர்ந்த யாரும் அந்த அறைக்குள் வரக்கூடாது, அவர்களோடு பேசக்கூடாது. ஆபீஸ் முடிவதற்குள் பெட்டி வேலை செய்தால் தேறியது. மதிப்பீட்டாளர் உள்ளே உட்கார்ந்திருப்பார். ஆனால் வாய் திறக்கக்கூடாது.

காலையில் உணவகத்தில் தேநீருக்கு வரிசையில் நிற்கும்போது, அவருக்கு முன்னால் திட்டத்துப் பொறியாளர்கள் இரண்டு பேர் சிரித்துக்கொண்டிருந்தார்கள். ஒருவர் மற்றவரின் கோப்பையை முந்திக்கொண்டு எடுத்துவிட்டார் போலிருக்கிறது.

“மாமியார் வாயைத் தொறக்கறதுக்கு முன்னாடி மருமக பேசினா என்ன ஆகும்?”

“வீடே இருண்டுடும்.”

“தெரியுதில்ல? கோப்பையைக் கீழ வை.”

பின்னால் நின்ற இன்னொருவரும் சிரித்தார். மதிப்பீட்டாளருக்கும் சிரிப்பு வந்தது. மாமியார் மருமகள் என்றால் யாருக்குத்தான் வராது.

சோதனை அறையில் ஜன்னல் இல்லை. வண்டியின் உட்பகுதி மட்டும் சட்டத்தில் ஏற்றி நிறுத்தப்பட்டிருந்தது. நடுவில் தலைமைப் பெட்டி. அதிலிருந்து ஒரே ஒரு தடித்த கம்பி எல்லாப் பெட்டிகளையும் தொட்டுக்கொண்டு ஓடியது. சின்னக் கம்பெனியிலிருந்து இரண்டு பேர் வந்திருந்தார்கள். ஒருவர் தாடிக்காரர், அவர்தான் முதலாளி. மற்றவர் அவருடைய அண்ணி. கம்பெனியின் மூளை அண்ணிதான் என்பது பெட்டியைத் திறந்த வேகத்திலேயே தெரிந்துபோயிற்று. நோயாளியின் நாடித் துடிப்பையும் மூச்சையும் காட்டும் தங்கள் பெட்டியை அவர்கள் கொண்டுவந்திருந்தார்கள்.

கம்பி முனையின் செருகி அழகாகப் பொருந்தியது. திருகுகள் பொருந்தின. மின்சாரம் சரியாக இருந்தது. அண்ணி விசையைப் போட்டார். அவர்களுடைய பெட்டி ‘நான் வந்துவிட்டேன்’ என்று செய்தி அனுப்பிற்று. அடுத்த நொடி, வண்டியின் எல்லாத் திரைகளும் அணைந்தன.

“என்ன அண்ணி, வந்ததும் வராததுமா ஃப்யூஸைப் பிடுங்கிட்டீங்க?”

“நான் எங்க பிடுங்கினேன்? கையேட்டுல இருக்கறபடி வரிக்கு வரி பேசியிருக்கு நம்ம பெட்டி. நீயே பாரு.”

பார்த்தார்கள். மறுபடி போட்டார்கள். மறுபடி அணைந்தது. கம்பியை மாற்றினார்கள். கையேட்டை முதல் பக்கத்திலிருந்து படித்தார்கள். என்ன பேசவேண்டும், எந்த வேகத்தில், எந்த வரிசையில் என்று எல்லாம் எழுதியிருந்தது.

மூன்றாவதோ நாலாவதோ தடவை திரைகள் இருண்டபோதுதான் மதிப்பீட்டாளருக்குச் சுரீர் என்று உறைத்தது. காலையில் கேட்ட வேடிக்கை.

தலைமைப் பெட்டிதான் மாமியார். அது முதலில் எல்லாப் பெட்டிகளையும் கூப்பிடும். கூப்பிட்ட பிறகுதான் மற்றவை பேசவேண்டும். முந்திக்கொண்டு பேசுகிற பெட்டியை அது எதிரியின் பெட்டி என்று எடுத்துக்கொண்டு எல்லா வழியையும் அடைத்துவிடும். திட்டத்தில் வேலை பார்க்கிற அத்தனை பேருக்கும் இது அத்துப்படி. வேலைக்குச் சேர்ந்த அன்றே இந்த வேடிக்கையைச் சொல்லிக் கொடுத்துவிடுவார்கள் போலிருக்கிறது. எல்லாருக்கும் தெரிந்திருந்ததால், கையேட்டில் எழுதவேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

கொஞ்ச நேரம் பொறுத்துப் பேசு. இந்த ஒரு வரிதான் குறை.

தாடிக்காரர் வியர்வையைத் துடைத்துக்கொண்டு அவர் பக்கம் திரும்பினார். “சார், நீங்க இத்தனை பார்த்திருப்பீங்க. ஏதாவது தெரிஞ்சா சொல்லுங்களேன். நாங்க யாருகிட்டயும் சொல்லமாட்டோம்.”

“நான் இங்க நாற்காலி மாதிரி,” என்றார் மதிப்பீட்டாளர்.

“நாற்காலியாவது பரவாயில்லை, உட்காரலாம்,” என்றார் அண்ணி, தலை நிமிராமல்.

மதியச் சாப்பாட்டுக்கு அறை பூட்டப்பட்டது. கை கழுவும் இடத்தில் அக்கா நின்றிருந்தார். தலை முழுக்க நரைத்திருந்தது. அறைக்குள் என்ன நடக்கிறது என்று அவருக்குத் தெரியாது, கேட்கவும் கூடாது. அவர் கேட்கவில்லை. குழாயை மூடிவிட்டு, கண்ணாடியில் தெரிந்த இவர் முகத்தைப் பார்த்துச் சொன்னார்:

“பாப்பா எப்படி இருக்கா தம்பி?”

“நல்லா இருக்காக்கா.”

“இன்னும் கேள்வி கேக்கறாளா?”

“இப்ப அவ பையன் கேக்கறான்.”

அக்கா சிரித்தார். அவ்வளவுதான். ஈரக்கையை உதறிக்கொண்டு நடந்து போனார். வேறு யாராவது கெஞ்சியிருந்தாலோ மிரட்டியிருந்தாலோ மதிப்பீட்டாளருக்கு எளிதாக இருந்திருக்கும். கெஞ்சுகிறவர்களையும் மிரட்டுகிறவர்களையும் சமாளித்து அவருக்குப் பழக்கம் உண்டு. ஒன்றும் கேட்காத ஒருவரை என்ன செய்வது?

சாப்பாடு இறங்கவில்லை. ஒரு மூலையில் உட்கார்ந்து கண்ணை மூடினார். வழி காட்டு என்று வேண்டிக்கொள்ளத்தான் நினைத்தார். ஆனால் வழி என்னவோ தெரிந்துதான் இருந்தது. அதில் நடப்பதற்குத்தான் கால் இல்லை. ஆகவே, கால் கொடு என்று வேண்டிக்கொண்டார்.

மதியத்துக்கு மேல் அவர் அதே நாற்காலியில் அதே மாதிரி உட்கார்ந்திருந்தார். அண்ணி ஒருமுறை, “நம்ம பேச்சுல தப்பில்லை, நம்மளையே ஏதோ திருடன்னு நினைக்குது இது,” என்று தனக்குத்தானே முணுமுணுத்தபோது, விடைக்கு எவ்வளவு அருகில் வந்துவிட்டார் என்று மதிப்பீட்டாளர் நாற்காலிக் கையைப் பிடித்துக்கொண்டார். ஆனால் அண்ணி மறுபடியும் கம்பிக்கே போய்விட்டார். மணி அடித்தது. திரைகள் இருட்டாகவே இருந்தன.

தேறவில்லை என்று, காரணத்தையும் சேர்த்து எழுதிக் கையெழுத்துப் போட்டார். அந்த ஒரு கையெழுத்துக்கு அவருடைய முழங்கை வரை வலித்தது.

முடிவைச் சொல்லுகிற கூட்டத்தில் திட்டத்தின் இயக்குநர் மேசையைத் தட்டினார். “பெட்டி பொருந்துது, செருகி பொருந்துது, எல்லாம் பொருந்துது. எங்க ஆளுங்க விளையாட்டாப் பேசற ஒரு பேச்சு கையேட்டுல எழுதலைன்னு பன்னிரண்டு வருஷத் திட்டத்தை ஃபெயில் பண்ணுவீங்களா?”

“எழுதலைங்கறதுக்காக இல்லை சார்,” என்றார் மதிப்பீட்டாளர். குரலில் வலுவே இல்லை. “நாளைக்கு நீங்க யாரும் இருக்கமாட்டீங்க. வேற எவனோ ஒரு பெட்டி வாங்கி, அடிபட்டவன் ஒருத்தன் உள்ள படுத்திருக்கறப்ப மாட்டுவான். அவனுக்கு உங்க வேடிக்கை தெரியாது. திரை அணைஞ்சுபோகும்.”

அக்காதான் முதலில் பேசினார்.

“சரியாத்தான் சொல்றார் சார். தினமும் சொல்லிச் சிரிச்சோம். கல்யாணமாகி வந்த பொண்ணு மாதிரி, வெளியிலேர்ந்து வர்ற பெட்டிக்கு இந்த வீட்டு வழக்கம் தெரியாதேன்னு எனக்கே தோணலை.” அவர் இவரைப் பார்க்காமல் கைப்பையை எடுத்தார். “கையேடு முழுசையும் மறுபடி எழுதறோம். இது ஒண்ணுதானா, இன்னும் இப்படி எத்தனை ஒளிஞ்சிருக்கோ.”

“அதை யாரு கண்டுபிடிக்கறது?” என்றார் இயக்குநர் எரிச்சலுடன். “உங்க ஆளுங்க எல்லாருக்கும்தான் எல்லாம் தெரியுமே.”

அக்கா பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வெளியே போனார்.

வீட்டில் மனைவி அன்று பேசவில்லை. மறுநாளும் பேசவில்லை. அதற்கு மறுநாள், “அக்கா என்ன சொன்னாங்க?” என்று மட்டும் கேட்டாள்.

“சரின்னு சொன்னாங்க.”

“அவங்க அப்படித்தான் சொல்லுவாங்க,” என்று சொல்லிவிட்டு முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது அவருக்கு.

வாரக் கடைசியில் அவர் மறுபடியும் மேலதிகாரியின் அறைக்குப் போனார்.

“மறுசோதனைக்கு வேற யாரையாவது போடுங்க சார். நான் அந்தக் கோப்பைத் திருப்பித் தந்துடறேன். இனிமே அதுல என் கை படாது.”

“ஏன்யா, முதல் தடவை ஒழுங்காத்தானே பண்ணினே? சொந்தம் பாசம் பார்க்காம?”

“பார்க்காம இருந்தேன் சார். அதான் அசதியா இருக்கு.”

மேலதிகாரி அவரை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு கோப்பை வாங்கித் தன் பக்கம் வைத்துக்கொண்டார்.

மழை விட்டு வெயில் தலைகாட்டிய சமயத்தில் அக்காவின் புதிய கையேடு வெளியாயிற்று. இது திறந்த அமைப்பு என்பதால் கையேடும் திறந்தே இருக்கவேண்டும்; யார் வேண்டுமானாலும் இணையத்தில் படிக்கலாம், புரியாத இடங்களைக் குறித்து அனுப்பலாம். பெயர் சொல்லவேண்டிய கட்டாயமும் இல்லை. விதி இப்படி இருந்தாலும் யாரும் அனுப்புவதில்லை. நானூறு பக்கக் கையேட்டைச் சம்பளமில்லாமல் உட்கார்ந்து படிக்க யாருக்குத் தலையெழுத்து? வந்தால் ஓர் எழுத்துப்பிழையைச் சுட்டி யாராவது எழுதுவார்கள். அதோடு சரி.

விடுமுறை நாட்களில் மதியம் சாப்பிட்டதும் அவர் மனைவி தன் தங்கை வீட்டுக்குப் போய்விடுவாள். வீட்டில் அவரும் சுவர்க்கடிகாரமும்தான். கோப்பு கையைவிட்டுப் போனபிறகு, அந்த ‘யார் வேண்டுமானாலும்’ என்பதில் இப்போது அவரும் ஒருவர். அவர் சாப்பாட்டு மேசையைத் துடைத்துவிட்டு, பழைய கணினியைத் திறந்து வைத்து, கையேட்டின் முதல் பக்கத்திலிருந்து தொடங்கினார். வழக்கமாக அந்த நேரத்தில் ஒரு தூக்கம் போடுவார். வாரம் முழுக்க அந்தத் தூக்கத்தை நினைத்துத்தான் ஓடிக்கொண்டிருப்பார்.

அவர் தனக்கு ஒரு கட்டுப்பாடு வைத்துக்கொண்டார். சோதனை அறையில் பார்த்தது, உணவகத்தில் கேட்டது எதுவும் இங்கே வரக்கூடாது. ஒன்றும் தெரியாத ஒருவனாக, தாடிக்காரரின் அண்ணியைப்போல, வரிக்கு வரி நம்பிக்கொண்டு போகவேண்டும். எங்கே கால் இடறுகிறதோ அங்கே ஒரு குறிப்பு. பொய்யாக மதிப்பெண் போட்டிருந்தால், அது அந்த வண்டியில் படுக்கப்போகிற எவனோ ஒருவனுடைய உயிரிலிருந்து எடுத்துக் கொடுத்ததாக இருந்திருக்கும். இந்த மதியங்கள் அப்படியல்ல. இவை அவருடையவை.

மாமியார் விஷயம் இப்போது முதல் அத்தியாயத்திலேயே தடித்த எழுத்தில் இருந்தது. அதைத் தாண்டிப் போகப்போக, அக்கா பயந்தபடியே, அதன் அண்ணன் தம்பிகள் அங்கங்கே ஒளிந்திருந்தார்கள். ஓரிடத்தில் ‘வழக்கம்போல் இணைக்கவும்’ என்று இருந்தது. ‘வழக்கம் தெரியாதவர் எப்படி இணைப்பார்?’ என்று எழுதினார். இன்னோரிடத்தில் ‘பச்சை விளக்கு எரிந்ததும்’ என்று இருந்தது. எந்தப் பெட்டியின் விளக்கு, எரியாவிட்டால் என்ன செய்வது என்று கேட்டு எழுதினார். மின்சாரம் நின்று வந்தால் எந்தப் பெட்டி முதலில் விழிக்கும் என்று கையேட்டில் எங்கும் இல்லை. அதை மற்றக் குறிப்புகளுக்கெல்லாம் மேலே வைத்து எழுதினார். ஓடுகிற வண்டியில் மின்சாரம் எத்தனை தடவை நின்று வரும்.

கண் எரிந்தது. இடுப்பு பிடித்துக்கொண்டது. எழுந்து முகம் கழுவிவிட்டு வந்து மறுபடி உட்கார்ந்தார். ஒரு விடுமுறை போதவில்லை. அடுத்ததும், அதற்கு அடுத்ததும் போயிற்று. தங்கை வீட்டிலிருந்து திரும்பிய மனைவி, “தூங்கினீங்களா?” என்று கேட்டால், “கண்ணை மூடவே நேரமில்லை,” என்று உண்மையையே சொன்னார். அவள் அதை வேடிக்கை என்று எடுத்துக்கொண்டாள். முன்னைப்போல் பேச ஆரம்பித்திருந்தாள். சொல்லியிருந்தால் சந்தோஷப்பட்டிருப்பாள் என்று அவருக்குத் தெரியும். ஆனாலும் சொல்லவில்லை. அக்காவும் அந்த நாளில் யாரிடமும் சொல்லிக்கொண்டு வந்து பிள்ளையைத் தூக்கவில்லை.

கடைசிப் பக்கத்தை முடித்தபோது வெயில் சாய்ந்து மேசைமேல் விழுந்தது. எழுதியதை எல்லாம் ஒருதடவை படித்துப் பார்த்தார். இரண்டு மூன்று இடங்களில் வாக்கியம் கடுமையாக இருந்தது. படிக்கிறவரும் களைத்துப்போனவராகத்தான் இருப்பார் என்று நினைத்து, அவற்றை மிருதுவாக்கினார். பெயர் கேட்ட இடத்தைக் காலியாக விட்டு அனுப்பினார்.

திரையில் ‘பெற்றுக்கொண்டோம்’ என்று ஒரு வரி வந்து, சற்று நின்று, மறைந்தது. அவர் கணினியை மூடினார். தெருவில் யாரோ வண்டியைக் கிளப்பப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அது கிளம்பும்வரை அப்படியே உட்கார்ந்திருந்துவிட்டு, எழுந்து போய் ஜன்னலைத் திறந்தார்.